துணியின் மேல் ஒரு கை

ஸ்கார்வோய்,
அக்டோபர் 6

அன்பு மகள் இங்குனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அம்மா நலம். பூனை நலம். என் முட்டிகள் இரண்டும் மட்டும் அந்த வரியில் கையெழுத்துப் போட மறுக்கின்றன.

நீ போனை அணைத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். சரிதான். ஊரில் பாதிப் பேர் பாராட்டவும் மீதிப் பேர் திட்டவும் கூப்பிட்டால் மனுஷி எப்படித்தான் நிம்மதியாக இருப்பாள். அதனால் கடிதம். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது படகுக் கம்பெனிக்கு, என்ஜின் அறையில் எலி இருக்கிறது என்று. அவர்கள் பதில் போடுவதற்குள் எலி எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முப்பத்து நாலு வருஷம் டீசல் சத்தத்துக்குள் நின்றவனுக்கு எழுத்தும் கொஞ்சம் கத்தலாகத்தான் வரும்.

முதலில் நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை உன் கூட வேலை பார்க்கிற நர்ஸ் குன்வோர் மீன் வடை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ கிளம்பிய மறுநாள் உங்கள் ஆபரேஷன் அறையில் நடந்ததைச் சொன்னாள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள் என்று உன்னை அனுப்பிவிட்டதால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்களாம். ஒரு குடலிறக்க ஆபரேஷன். கருவிகள் தட்டில் இருந்தன, பச்சைத் துணி மூடியிருந்தது. டாக்டர் ப்ரூவோல் கையுறை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். குன்வோர் துணியை எடுக்கவில்லை. நீ செய்தது போலவே அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"உங்க பேரு, என்ன வேலை, நோயாளி யாரு, எந்தப் பக்கம். எல்லாரும் வாயால சொல்லணும். அப்புறம்தான் துணி விலகும்" என்றாளாம்.

"ஏம்மா, இருபத்திரண்டு வருஷமா என் கூட நிக்கிற. என் பேரு உனக்குத் தெரியாதா?" என்று டாக்டர் கேட்டாராம்.

"நல்லாத் தெரியும் டாக்டர். ஒட்வார் முட்டி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே தெரியும்."

என் பெயரைக் கேட்டதும் மனுஷர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். இருபது நிமிஷம். யாரும் நகரவில்லை. திரும்பி வந்து, புதுக் கையுறை போட்டுக்கொண்டு, தேவாலயத்தில் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரித் தன் பெயரைச் சொன்னாராம். துணி விலகியது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் நடக்கிறதாம், ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் கை.

"இங்குன் கை நடுங்கவே இல்ல. என் கை தந்தி அடிச்சுது" என்றாள் குன்வோர். உன் கையும் நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு நாடகத்தில் உனக்குப் பாறை வேஷம் கொடுத்தார்கள். பேச வேண்டியதில்லை என்று நீ சந்தோஷப்பட்டாய். பாறை நடுங்கியதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

இப்போது கெட்ட செய்தி. வியாழக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரி இயக்குநர் ஹோல்ம்போ வந்தார். பூச்செண்டு, கிரீம் கேக், ஒரு காகிதம். கேக் பெரியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காகிதத்தை அவரே வாசித்துக் காட்டினார். செப்டம்பர் பதினொன்றாம் தேதி நோயாளி ஒட்வாருக்கு இடது முட்டியில் செய்ய வேண்டிய அறுவை வலது முட்டியில் செய்யப்பட்டது. மயக்க மருந்து நர்ஸ் ரூத்தா எந்தப் பக்கம் என்று கேட்டுச் சரிபார்க்கத் தவறியதே அதற்குக் காரணம். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. நவம்பர் பதினான்காம் தேதி மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள், அதற்கு முன்னால் வேண்டுமாம்.

"அந்தப் பொண்ணு இங்க வந்து மூணு மாசம்தான் ஆச்சு. லித்துவேனியாவுல பழக்கம் வேற மாதிரி இருக்கலாம். யாரையும் குத்தம் சொல்லணும்னு இல்ல, ஒட்வார். தவிர உங்க வலது முட்டியும் தேஞ்சுதான் இருந்துது. எப்படியும் ஒரு நாள் செய்ய வேண்டியதுதானே" என்றார்.

என் வீட்டுக் கூரை ஒழுகும்போது பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்ந்துவிட்டு, அதுவும் பழசுதானே என்று சொல்வது போல இருந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. அவள் காப்பி கொடுக்காமல் ஓர் ஆளை வழியனுப்பியதை நாற்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அவர் காரில் ஏறும்போது முகம் வெளுத்திருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. மயக்கத்தில் இருந்தேன், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் மருந்து மருந்துதானே. காதில் மாட்டிய கருவியில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள், என் கல்யாணத்தில் வாசித்த வால்ட்ஸ். விளக்கில் ஏழு பல்பு, ஒன்று எரியவில்லை. மற்றபடி ஞாபகம் இல்லை.

கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன். துரோம்சோ குளிரை நம்பாதே. அங்கே நீ தங்கியிருக்கிற சிநேகிதி வீட்டில் உன்னை நன்றாகச் சாப்பிட வைக்கட்டும்.

உன் நன்மையே வேண்டும்,
அப்பா


ஸ்கார்வோய்,
அக்டோபர் 20

என் இங்குனுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை நான் படித்தேன், ஒரு தடவை அம்மா படித்தாள், பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் உருளைக்கிழங்கு உரித்தோம்.

ஜனவரியிலிருந்து துரோம்சோவில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்ல வேலை. நான் குறுக்கே நிற்க மாட்டேன், நிற்கக் காலும் இல்லை. ஆனால் பதினான்காம் தேதி வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் தொண்டையில் முள் மாட்டுகிறது. "நான் ஒரு துணி மேல கைய வெச்சேன், அவ்வளவுதான்பா. அதுக்குப் பேரு தலைமை இல்ல. விசாரணையில பேச வேற யாராவது தைரியசாலி வேணும்" என்கிறாய்.

மகளே, எனக்குக் கப்பல் என்ஜின்தான் தெரியும். எங்கள் படகில் கேப்டன்கள் ஏழு பேரைப் பார்த்திருக்கிறேன். ஆறு பேர் கத்துவார்கள். அவர்கள் இறங்கிய மறுநாள் யாரும் அவர்கள் சொன்னபடி செய்ததில்லை. ஏழாவது ஆள் அவ்வளவாகப் பேசவே மாட்டார். அவர் ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் படகில் கயிற்றை அவர் சுருட்டுகிற மாதிரிதான் சுருட்டுகிறார்கள். நீ இந்த ஊரில் இல்லை. உன் கை அந்தத் துணி மேல் தினமும் இருக்கிறது. இதற்கு வேறு என்ன பெயர் என்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு எழுது.

அது மட்டும் இல்லை. நான் உனக்கு ஒரு தீங்கு செய்திருக்கிறேன். சின்ன வயதில் யார் உன்னிடம் என்ன கேட்டாலும் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். கடையில், பள்ளிக்கூடத்தில், பல் டாக்டரிடம்கூட. ஒரு நகைச்சுவையும் சேர்த்துச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நீ வாய் திறக்க இடம் எங்கே இருந்தது. எங்கள் வீட்டில் பேசாத பிள்ளை என்று ஊர் உன்னைச் சொன்னது. வீட்டில் வாயை மூடாத ஓர் ஆள் இருந்ததை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ரூத்தா வந்திருந்தாள். தேன் போட்ட, அடுக்கு அடுக்கான ஒரு கேக், அவள் ஊர்ப் பண்டம். எனக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று இதுவரை வந்து மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான். குற்றம் செய்யாத ஒருத்தி. அம்மா அவளுக்கு வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து, மூன்று கோப்பை காப்பி கொடுத்தாள். ஹோல்ம்போவுக்குக் கொடுக்காததும் அதில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

நர்ஸ் உரிமத்தைப் பறித்துவிட்டால் அவளால் இங்கே மட்டும் அல்ல, வேறெங்கும் வேலை பார்க்க முடியாதாம். அவளுடைய அம்மா அங்கே அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், என் மகள் நார்வேயில் ஆபரேஷன் நர்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ரெண்டு தடவ சொன்னேன், ஐயா. காகிதத்துல இடதுன்னு போட்டிருக்குன்னு. ரெண்டாவது தடவ சத்தமாவே சொன்னேன். மூணாவது தடவயும் சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றாள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் வாஃபிளைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏங்க, என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கு. எத்தன பல்பு எரிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கு. பேசினது மட்டும் ஞாபகம் இல்லையா?"

உன் அம்மா கேள்விகள் மீன்முள் போல. முழுங்கிய பிறகுதான் தெரியும். நான் கால் வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை.

அக்கறையோடு,
அப்பா


ஸ்கார்வோய்,
நவம்பர் 3

இங்குன்,

இந்தக் கடிதத்தில் தமாஷ் குறைவாக இருக்கும். உட்கார்ந்து படி.

அன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். சொந்தக்காரர் என்பதால் உன்னை அந்த அறைக்குள் விடவில்லை, அதனால் உனக்கு இது தெரியாது. காத்திருக்கும் அறையில் ரூத்தா என்னிடம் வந்து பெயர் கேட்டாள். நான் நார்வே ராஜா என்றேன். பிறந்த தேதி கேட்டாள். நான் பிறந்தபோது சின்னப் பையன், ஞாபகம் இல்லை என்றேன். எந்த முட்டி என்று கேட்டாள். ரெண்டும் என்னோடதுதான், பிடிச்சத எடுத்துக்கோ என்றேன். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டாள். போனால் போகிறது என்று இடது என்றேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். அதனால் அந்தக் காகிதத்தில் இருப்பது பொய்.

மேஜை மேல் படுத்திருந்தேன். முன்னால் துணி தொங்கியது, கால் எனக்குத் தெரியவில்லை. பாட்டு மெதுவாகத்தான் ஓடியது, பேச்சு எல்லாம் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் சரிபார்க்கிற பட்டியலை எடுத்து ரூத்தா வாசிக்க ஆரம்பித்தாள். ப்ரூவோல், "அதெல்லாம் டிக் பண்ணி வெச்சிடும்மா. இங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஞானஸ்நானத்துலேர்ந்து தெரிஞ்சவங்க" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அவள், "டாக்டர், காகிதத்துல இடதுன்னு இருக்கு" என்றாள். அவர், "பதினெட்டு வருஷமா ஊசி போட்டு வர்ற முட்டி இது, ஒட்வார் முட்டி எனக்குத் தெரியாதா" என்றார். பதினெட்டு வருஷமும் ஊசி போட்டது வலதில். சவ்வு கிழிந்தது இந்த வசந்தத்தில், இடதில். அவர் என்னைத் தெரிந்து வைத்திருந்தார், காகிதத்தைப் படிக்கவில்லை.

அவள் மறுபடி சத்தமாகச் சொன்னாள், "இடது."

அப்போது நான் பேசினேன், இங்குன். அவர்கள் இருவரைத் தவிர அந்த அறையில் நான் மட்டும்தான் பேசினேன். "விடும்மா, என் முட்டிய என்ன விட டாக்டருக்கு நல்லாத் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவையும் நன்றாகச் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை சொல்ல அவளுக்கு எங்கே இடம் இருந்தது.

பிறகு வார்டில் அம்மா போர்வையை விலக்கி, "ஏங்க, இது எந்தக் கால்?" என்று கேட்டது உனக்குத் தெரியும். மறுநாள் காலை நீ போய் முதல் தடவையாக அந்தத் துணி மேல் கை வைத்ததும், எல்லோரும் பெயர் சொல்லும்வரை எடுக்காததும், பதினாலாவது நாள் உன்னை வெளியே அனுப்பியதும் ஊருக்கே தெரியும். நீ அப்பாவுக்காகக் கோபப்பட்டாய் என்று ஊர் பேசியது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, ஞாபகம் இல்லை என்று சொல்லிப் படுத்திருந்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை இரண்டு ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹோல்ம்போ, வாங்க வாங்க, கையெழுத்துக்காகவா இவ்வளவு தூரம் என்றார். அவர் காகிதத்தை மேஜை மேல் வைத்தேன். அதன் மேல் என் காகிதத்தை வைத்தேன். மேலே உனக்கு எழுதியதை அப்படியே அதில் எழுதியிருந்தேன். ராஜா என்று சொன்னதையும் விடவில்லை.

அவர் இரண்டு தடவை படித்தார். "ஒட்வார், இத வெளிய விட்டா ஊர் உங்களப் பாத்துச் சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டும். அறுபத்தேழு வருஷமா அவங்களச் சிரிக்க வைக்கிறதுதான் எனக்கு வேலை. இப்பவாவது ஒரு பிரயோசனத்துக்குச் சிரிக்கட்டும்" என்றேன்.

"டாக்டர் ப்ரூவோல் உங்க சிநேகிதர். இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர விட்டா வேற சர்ஜன் கிடையாது. அவர் போனா ஆபரேஷன் அறையையே மூடிடுவாங்க. யோசிச்சீங்களா?"

யோசித்தேன். ரொம்ப நாள் யோசித்தேன், அதனால்தான் இவ்வளவு தாமதம். "ஒரு தப்ப மறைச்சு வெச்சுத்தான் அந்த அறை திறந்திருக்கணும்னா, அது ஒட்டு போட்ட குழாய். எந்த அழுத்தத்துல வெடிக்கும்னு எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். என் பொண்ணு ஒட்டு போடாம சரி பண்ணிக் காட்டியிருக்கா. அவள நீங்க வீட்டுக்கு அனுப்பினீங்க" என்றேன். அசல் மாவட்டத்துக்குத் தபாலில் போய்விட்டது, இது உங்களுக்கு நகல் என்றும் சொன்னேன். அங்கே அவர் காப்பி கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

ப்ரூவோல் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இருபது வருஷம் ஒரே படகில் காட் மீன் பிடித்தவர்கள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நீ என்னக் காட்டிக் குடுத்திட்டே" என்றார். "என்னையும் சேத்துத்தான்" என்றேன். "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு சின்னப் பொண்ண மேஜைக்கு அடியில தள்ளிட்டோம். நான் வெளிய வந்துட்டேன். நீ எப்ப வர்றே?" காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். விசாரணையில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. என் கால் பக்கம் மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

நேற்று குன்வோர் சொன்னாள். அந்த அறையில் இருந்த நாலு நர்சும், ரூத்தா சொன்னது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசவில்லை என்று எழுதிக் கொடுக்கத் தயாராம். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "இங்குன் வரட்டும்னு நிக்கிறோம். அவ முன்னால நின்னா நாங்க பின்னால நிப்போம். அவ இல்லாம எங்களுக்குத் துணி மேல கை வெக்கத்தான் தெரியும், அதிகாரிங்க முன்னால வாய் திறக்கத் தெரியாது" என்றாள்.

பெட்டி கட்டிய ரூத்தா பெட்டியைப் பிரிக்கவில்லை. பதினான்காம் தேதி வரைக்கும் பார்க்கிறேன் என்கிறாள்.

நான் எழுதியது போதாது. நான் ஊர்க் கோமாளி, மருந்து ஏறிய கிழவன் உளறுகிறான் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். உன்னைத் தள்ள முடியாது. நீ பேசும்போது யாருக்கும் சிரிப்பு வராது. சின்ன வயதில் அதை ஒரு குறை என்று நினைத்து உனக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசினேன். அதுதான் உன் பலம் என்று தெரிய எனக்கு ஒரு முட்டி தேவைப்பட்டிருக்கிறது. கை நடுங்கினால் நடுங்கட்டும். பாறையும் நடுங்கியது, அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஜனவரியில் துரோம்சோ போ, சந்தோஷமாகப் போ. பதினான்காம் தேதி மட்டும் இங்கே இரு. இதுவரை நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததால் கேட்க நேரம் இருந்ததில்லை. இப்போது கேட்கிறேன்.

பதின்மூன்றாம் தேதிப் படகு பன்னிரண்டே முக்காலுக்கு வரும். அம்மா வரமாட்டாள், அவள் உனக்குப் பிடித்த ஆட்டிறைச்சி, முட்டைக்கோஸ் வேகவைத்துக்கொண்டிருப்பாள். நான் துறையில் ஊன்றுகோலோடு நிற்பேன், ஊர்க்காரர்களும் இருப்பார்கள். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொள்ளாதே. பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேள். என் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த முட்டி என்று. ஒவ்வொன்றுக்கும் சிரிக்காமல் பதில் சொல்வேன். கடைசிக் கேள்விக்கு, இடது என்று, படகு என்ஜின் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

உன் அப்பா,
ஒட்வார்